மேல்தளத்தில் யாரும் இல்லை

லோகேஸ்வரன் தன் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, முதல் முறை விண்ணப்பித்த காலம்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்து இணையதளங்கள் ஒரு தனி ரகம். பத்திரத்தை ஏற்றினால் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தள்ளிவிடும். சுருக்கி ஏற்றினால் எழுத்து தெளிவாக இல்லை என்று மறுபடியும் தள்ளும். ஓடிபி வந்து சேரும்போது பக்கம் காலாவதியாகியிருக்கும். பக்கம் உயிரோடு இருந்தால் ஓடிபி வராது. போதாக்குறைக்கு, படத்தில் இருக்கும் சிக்னல் விளக்குகளையெல்லாம் தொட்டுக் காட்டி, தான் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டும். அவர் திருதிருவென விழிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சௌமியா, "அந்த மரத்துக்குப் பின்னால பாருங்க, அரை வெளக்குத் தெரியுது" என்பாள். அதைத் தொட்டதும் தப்பு என்று வரும். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போகும்.

அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் இந்தப் பக்கம் கேட்கும். எப்படியாவது சொந்தமாக நாலு சுவர் எழுப்பிவிட வேண்டும் என்ற வெறியில் அந்த இணையதளத்தின் எல்லா அழும்பையும் பொறுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அது நிலத்தைப் பற்றிக் கேட்டது, சாலை அகலத்தைக் கேட்டது, கழிவு நீர் எங்கே போகும் என்று கேட்டது. மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது இருப்பது அப்படியில்லை. ஆற்று மணல் தீர்ந்து, சிமென்ட் பங்கீட்டுக்கு வந்து, ஒரு மூட்டை வாங்கவும் அனுமதி எண் வேண்டும் என்றாகிவிட்டது. ஊரெங்கும் பிள்ளைகளுக்கென்று கட்டின மாடிகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் ஆளுக்கொரு கண்டத்தில் இருந்தார்கள். மாடிகளில் புறாக்கள் குடும்பம் நடத்தின. அரசாங்கம் யோசித்துப் பார்த்து, ஆள் இல்லாத அறை கட்டத் தடை என்று ஒரு சட்டம் போட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு புது இணையதளம் வந்தது.

அது ஓடிபியெல்லாம் கேட்பதில்லை. நீங்கள் கட்டப்போகும் வீட்டை முதலில் தனக்குள் கட்டிக்கொள்ளும். பிறகு உங்களையும் உங்கள் குடும்பத்தையும் அதில் குடிவைக்கும். உங்கள் வேலை, செலவு, உடம்பு, யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், யார் கூப்பிட்டால் எடுப்பதில்லை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டிப் பார்க்கும். மறுநாள் பதில் வந்துவிடும். எந்த அறையில் ஆள் புழக்கம் இருக்காது என்று தெரிகிறதோ அதற்கு அனுமதி கிடையாது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊர் வைத்த பெயர் 'ஜோசியர்'. நிஜ ஜோசியர்களும் வாஸ்துக்காரர்களும் பிழைப்பில் மண் விழுந்ததென்று ஊர்வலம்கூடப் போனார்கள்.

லோகேஸ்வரனுக்கு மாடி கட்ட வேண்டும். அவருடைய மகன் ஆதிரன் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கடலைத் தடுக்கும் சுவர்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, தானாகவே வாய் திறந்து, "அப்பா, நாங்க இங்கயே வந்தர்லாம்னு இருக்கறம்" என்றான். மருமகள் சாதனாவும் தலையாட்டினாள். அன்றைக்கே லோகேஸ்வரன் மொட்டை மாடிக்குப் போய்த் தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் கம்பிகளுக்கு ஒரு கதை உண்டு. கீழ் வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிற சமயத்தில் மேஸ்திரி கேட்டார், "மேல கம்பி விடோணுங்களா, மட்டமா முடிச்சறலாமா?" கையில் இருந்த பணம் மட்டமாக முடிக்கவே இழுபறி. லோகேஸ்வரன் சௌமியாவைப் பார்த்தார். சௌமியா மணல் குவியலில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஆதிரனைப் பார்த்தாள். "விடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் பக்கத்தில் கம்பி விட்ட வீடு என்றால் பிள்ளைக்கு இடம் வைத்த வீடு என்று பொருள். தெருவில் எல்லா வீட்டுத் தலையிலும் அப்படிக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். லோகேஸ்வரன் வருடா வருடம் மழைக்கு முன்னால் சிமென்ட் பாலைக் கரைத்துத் துருப்பிடிக்காமல் பூசிவைத்தார்.

அந்த நாட்களை நினைத்தாலே அவருக்கு மனசு இளகும். சௌமியா கம்பெனியில் ஷிப்ட் முடித்து நேராகக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு வருவாள். தூண்களைச் சுற்றிக் கட்டின சாக்குகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பச்சைக் கான்கிரீட் வாசத்துக்கு நடுவில் நின்று, "இங்க கட்டில், இங்க பீரோ, இங்க நீங்க உக்காந்து வெட்டிப் பேச்சுப் பேசறதுக்கு ஒரு நாற்காலி" என்று கோடு போட்டுக் காட்டுவாள். அப்போது கதவும் இல்லை, கூரையும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவர்கள் வாழ்ந்த மாதிரி பிறகு எப்போதும் வாழவில்லை என்று அவருக்குத் தோன்றும்.

விண்ணப்பம் ஒரே அமர்வில் முடிந்துவிட்டது. வசிக்கப்போகிறவர்கள் பெயர்களை இணையதளம் கேட்டது. ஆதிரனும் சாதனாவும் அங்கிருந்தே முகம் காட்டிச் சம்மதம் சொன்னார்கள். அவர்களுடைய குழந்தையையும் தூக்கிக் காட்டினார்கள். சம்மதக் கட்டங்கள் வரிசையாக வந்தன. லோகேஸ்வரன் எல்லாவற்றிலும் டிக் அடித்துக்கொண்டே போனார். எந்தக் காலத்திலும் யாரும் அதையெல்லாம் படித்தது கிடையாது.

மறுநாள் காலை பதில் வந்தது. "மேல்தளம்: வசிப்போர் இல்லை. அனுமதி மறுக்கப்படுகிறது."

சௌமியா அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள். லோகேஸ்வரனால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. அங்கே விடிந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மகனைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, வர்றேன் வர்றேன்னு எதுக்குடா சொன்னே? நாங்க கேட்டமா?"

"என்னப்பா ஆச்சு?" என்றான் ஆதிரன் தூக்கக் கலக்கத்தில்.

அவர் படித்துக் காட்டினார்.

"அப்பா, நான் நெசமாத்தான் சொன்னேன். இங்க ஆபீஸ்ல பேசிட்டுத்தான் இருக்கறேன். அந்த மிஷின் என்னத்தையோ தப்பாப் பாத்திருக்குது."

"அது தப்பாப் பாக்காது. உன்ற சம்பளம், உன்ற வேலை, உன்ற மனசு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லுது. பெத்தவனுக்குத் தெரியாதது அதுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்கு மாடி இல்லைன்னு வருத்தமில்லடா. வாய் கூசாமப் பொய் சொன்னே பாரு, அதுதான்."

"பொய் இல்லப்பா..."

அவர் இணைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு ஆதிரன் கூப்பிட்டால் சௌமியாதான் பேசினாள். அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

தெருவில் இது புதிதல்ல. நாலு வீடு தள்ளி இருந்த தரணிதரனுக்கும் இதே வாசகம்தான் வந்தது. அவர் தன் மகளிடம் கத்தித் தீர்த்தார். மகள் வருடத்துக்கொரு தடவை வந்துகொண்டிருந்ததையும் நிறுத்திக்கொண்டாள். "பாத்தீங்களா, ஜோசியர் சொன்னது பலிச்சிருச்சு" என்று தெருவே பேசிக்கொண்டது. இன்னொரு வீட்டுக்காரருக்கு மாடிக்கு அனுமதி கிடைத்தது. அவர் அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார். பிள்ளை வரும் வீடு, வராத வீடு என்று தெருவே இரண்டாகப் பிரிந்துபோனது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தும் லோகேஸ்வரனின் கோபம் தணியவில்லை. உள்ளே புகுந்து பார்த்தால் அது கோபமே இல்லை. மகன் தங்களை வேண்டாமென்று நினைக்கிறான் என்ற எண்ணம் சோற்றில் கல்லைப்போல ஒவ்வொரு வாய்க்கும் நெருடியது. அது ஏன் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று நகர அனுமதி உதவி மையத்துக்குக் கிளம்பினார்.

எல்லாம் இணையத்தில் நடக்கிற காலத்தில் அந்த மையத்துக்கு யாரும் நேரில் வருவதில்லை. வரிசையாகப் போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. அங்கிருந்த ஒரே அலுவலர் யாழிசை என்ற இளம் பொறியாளர். டப்பாவில் இருந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், இவரைப் பார்த்ததும் அவசரமாக மூடினாள்.

"சாப்பிடுங்க கண்ணு, நான் உக்காந்திருக்கறேன்" என்றார் லோகேஸ்வரன்.

"பரவால்லீங்க சார், சொல்லுங்க." அவள் அவருடைய விண்ணப்பத்தைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். "மறுபரிசீலனைக்கு வந்தீங்களா? மறுபடியும் ஓட்டிப் பாக்கலாம். ஆனா அதே பதில்தான் வருமுங்க."

"எனக்கு மாடி வேண்டாமுங்க. ஒரே ஒரு விஷயம் தெரியோணும். என்ற பையன் ஏன் வரலைன்னு அதுக்குத் தெரியுமில்ல? வேலையா? எங்க மருமகளுக்கு இந்த ஊரு புடிக்கலையா? இல்ல, எங்க மேலதான் எதாவது மனத்தாங்கலா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஆடி மாசத்துல இருந்து அவங்கிட்டப் பேசாம இருக்கறேன். நெஞ்சுல கல்லு மாதிரி உக்காந்திருக்குது."

யாழிசை கையைத் துடைத்துக்கொண்டாள். "காரணம் தெரிய வேண்டாம்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணியிருக்கீங்களே."

"அது என்னன்னே நான் படிக்கலைங்க."

"யாருமே படிக்கறதில்லைங்க." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க இப்ப அந்த டிக்கை எடுத்துவிட்டா நான் சொல்லலாம். சட்டத்துல எடம் இருக்குது. ஆனா தெரிஞ்சே ஆகோணுமா சார்? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இப்புடி வந்து உக்காந்திருக்கறேன்" என்று அவர் திரையைத் தொட்டு டிக்கை எடுத்தார்.

யாழிசை படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறவில்லை. முன்பே எதிர்பார்த்ததுதான் அங்கே இருந்தது என்பதுபோல மெதுவாகத் தலையை அசைத்தாள்.

"சார், உங்க பையன் வர மாட்டார்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"உங்க மிஷின்தான்."

"அது அப்புடிச் சொல்லலைங்க. மேல்தளத்துல யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான் சொல்லுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே? மாடி அவனுக்குத்தானே?"

"நமக்கு அப்புடித்தானுங்க. மாடின்னா பையனுக்குன்னு நாம வெச்சிருக்கறோம். அதுக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க, எத்தனை ரூம் போதும், அவ்வளவுதான் பாக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் வர்றாருங்க சார். மனைவி, கொழந்தையோட வர்றாரு. வந்து அந்த வீட்டுலதான் இருக்காரு. திரும்பிப் போகவே இல்லை."

லோகேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மாடி வேணுமில்லீங்களா? எங்க இருப்பாங்க?"

யாழிசை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள். குடிக்காமல் மறுபடியும் மூடினாள். "கீழயே இருக்காங்க சார்."

"கீழ நாங்கள்ல..." என்று ஆரம்பித்தவர் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

"விண்ணப்பத்துல வசிக்கறவங்கன்னு அஞ்சு பேர் இருக்கறீங்க" என்றாள் அவள். "எல்லாரும் புள்ளைங்களைத்தான் அது எடை போடுதுன்னு நெனைக்கறாங்க. உங்க மெடிக்கல் ரிப்போர்ட்டும் அதுக்குள்ளதானுங்க போகுது."

வெளியே யாரோ வண்டியை நிறுத்திவிட்டுக் கத்திப் பேசிக்கொண்டு போனார்கள். லோகேஸ்வரனுக்கு முதலில் பயம் வரவில்லை, வந்தது சந்தோஷம். அவன் பொய் சொல்லவில்லை, தன் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று மனசு ஒரு நிமிடம் குதித்தது. அதற்குப் பின்னால்தான் மற்றது மெல்ல நுழைந்தது. கண் நிறைந்துவிட்டது. எதற்காக நிறைந்தது என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"எந்த வருஷம்னு மட்டும் கேக்காதீங்க சார்" என்றாள் யாழிசை.

"கேக்கலைங்க கண்ணு. அது தெரிஞ்சு என்ன பண்றது?"

"பாதிக்கு மேல இந்த மாதிரி கேஸ்தானுங்க. அப்பாவும் புள்ளையும் சண்டை போட்டுட்டு பேசாம இருக்காங்க. போன் பண்ணிச் சொல்லீறலாமான்னு எனக்கே தோணும். என்னன்னு சொல்றது? உங்க புள்ளை வருவாரு, ஆனா நீங்க இருக்க மாட்டீங்கன்னா? இதுவரைக்கும் நேர்ல வந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

லோகேஸ்வரன் எழுந்துகொண்டார். "சோறு ஆறிப்போச்சு. சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் தரணிதரன் வாசலில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "என்னங்க, ஜோசியர் மனசு மாறிட்டாரா?" என்று கேட்டார். லோகேஸ்வரன் நின்றார். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஒருவேளை இவருக்கு வந்ததும் இதே காரணமாக இருந்தால் இவர் மகளும் வருவதாகத்தானே இருந்திருப்பாள், கத்தாமல் இருந்திருந்தால் இன்னும் வருடா வருடம் வந்துகொண்டாவது இருந்திருப்பாளே என்று நினைத்தார். தன் வீட்டுச் சங்கதியையே இன்னும் சௌமியாவிடம் சொல்லவில்லை. "நாளைக்குப் பேசலாமுங்க, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சௌமியா சமையலறையில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், "என்னங்க சொன்னாங்க?" என்றாள், திரும்பாமலேயே.

பேருந்தில் வரும்போது இதற்கு ஏழெட்டுப் பொய்களைத் தயார் செய்திருந்தார். அவளுடைய முதுகைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"வருவானாம்" என்றார்.

கத்தி நின்றது. "நெசமாவா?"

"நெசமாத்தான். மூணு பேரும் வந்து இங்கயேதான் இருப்பாங்களாம். அவன் ஒண்ணும் பொய் சொல்லலை."

"நான்தான் அப்பவே சொன்னேனே. எம்பையன் பொய் சொல்ல மாட்டான்." அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "அப்பறம் ஏன் மாடி வேண்டாங்குது?"

"கீழயே போதுமாம்."

அவர் குரலைச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொண்டார். சௌமியா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பீன்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தி மறுபடியும் ஓடியது, முன்பைவிட மெதுவாக. அடுத்த கேள்வி வரும், அதற்கு என்ன சொல்வது என்று அவர் தவித்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வி வரவே இல்லை.

நறுக்கி முடித்தவள் கையைக் கழுவித் துடைத்தாள். குடிவந்த நாளில் பார்ப்பதுபோலச் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுப்பு மேடையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அளந்தாள்.

"ஏனுங்க, இந்த மேடையை ஒரு அரையடி ஏத்தோணும்."

"எதுக்கு? உனக்கு இப்பவே தோள் வலிக்குதுங்கறே. ஏத்துனா உனக்கு எட்டுமா?"

"எனக்கு ஒரு பலகை போட்டுக்கிட்டா ஆச்சு" என்றாள் சௌமியா. "சாதனா வாலிபால் ஆடுன புள்ளை. நம்ம நெலைக் கதவுல தலை இடிக்கற ஒசரம். போன பொங்கலுக்கு ரெண்டு நாள் இங்க நின்னு வேலை செஞ்சதுக்கே இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னா. காலத்துக்கும் பொழங்கப்போறவ அவ."

இவ்வளவு நேரம் இவளிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்ததாக நினைத்ததை எண்ணி லோகேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இந்த வயதில் பகல் வேளையில் அதெல்லாம் பழக்கமில்லை. அதனால் பக்கத்தில் போய் நின்று, நறுக்கின பீன்ஸில் ஒன்றை எடுத்து மென்றார்.

"பச்சையாத் திங்காதீங்க, வயித்தை வலிக்கும். போய் அந்த விண்ணப்பத்தைப் போடுங்க."

ஒரு வரிசைச் செங்கல், அரை மூட்டை சிமென்ட். அதற்கும் அனுமதி எண் வேண்டுமே. இரண்டு பேரும் பழையபடி திரைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்ன வேலை என்று கேட்டது. சமையல் மேடையை உயர்த்துதல். யாருடைய பயன்பாட்டுக்கு என்று கேட்டது. லோகேஸ்வரன் சௌமியாவைப் பார்த்தார். அவள், "சாதனான்னு போடுங்க" என்றாள். இந்தத் தடவை அவர் ஒவ்வொரு கட்டத்தையும் நிறுத்திப் படித்தார். எங்கே டிக் போட வேண்டுமோ அங்கே மட்டும் போட்டார்.

ஒரு நாளாவது ஆகும் என்று எழுந்திருக்கப் போனவரைச் சௌமியா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பதில் அதற்குள் வந்திருந்தது. ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த குடும்பமாயிற்றே, அதற்கு மறுபடியும் யோசிக்க என்ன இருக்கிறது. "பயன்பாடு உறுதி. அனுமதி வழங்கப்படுகிறது."

"அந்தக் காலத்துலயெல்லாம் இவ்வளவு சீக்கிரம் குடுத்ததில்லைங்க" என்று சௌமியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அப்போது ஆதிரன் கூப்பிட்டான். வழக்கம்போலச் சௌமியா எடுக்கக் கையை நீட்டினாள். லோகேஸ்வரன் முந்திக்கொண்டார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஆதிரன் தடுமாறிப்போனான். "அப்பா... அம்மா இல்லீங்களா? அப்பா, இன்னும் கோபமா? ஆபீஸ்ல மேல எழுதிப் போட்டிருக்கறேன். நீங்க நம்பலைன்னாலும் சரி, நான் சீக்கிரமே வந்தர்றேன்ப்பா. எப்புடியாவது சீக்கிரம் வந்தர்றேன்."

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும் சாமி" என்றார் லோகேஸ்வரன். எடுக்க நீட்டின சௌமியாவின் கை இன்னும் அவர் கைமேல்தான் இருந்தது. "ஒண்ணும் அவசரமில்லை. மெதுவாவே வாங்க."